தள்ளினால் கிளம்பும் ஜீப்

நடுத்தர வயதில் ஒரு காலை வைத்த பிறகும், ஆயுத பூஜைச் சந்தனத்தை முகர்ந்தால் எனக்குப் பக்திக்குப் பதில் டீசல் நினைவு வந்து, பூஜை நடுவே சிரித்துத் தொலைக்கிறேன்.

மண்ணூரில், இன்று கம்பெனி காம்பவுண்டுக்குள் போய்விட்ட எங்கள் கடலைக் கொல்லையின் வண்டிப்பாதையில், அப்பாவின் பழைய ஜீப் தினமும் பாதி வழியில் இருமி நிற்கும்; நானும் தங்கையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் புழுதி பறக்கக் கூச்சலிட்டுத் தள்ளுவோம்; கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும், என் புஜபலத்தால்தான் என்று மார்தட்டிக்கொள்வேன். டீசல் ஃபில்டர் மாற்றியும் கோளாறு தீரவில்லை.

"இன்னொரு தபா நின்னா காயலான் கடைதான்" என்றார் அப்பா. மறுநாளே நின்றது. நான் பானெட்டைக் கட்டிக்கொண்டேன்.

"டீசல் கீதா இல்லியான்னு பாத்தியாண்ணே?" என்று கூட வந்த அத்தை டேங்க் மூடியைத் திருகினார். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. அப்பா சாவியைத் திருப்ப, ஜீப் உடனே கிளம்பிவிட்டது. மூடியிலிருந்த காற்றுத் துளையின் மேல், ஆயுத பூஜைக்கு அப்பா பக்தியோடு அப்பிய சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது; உள்ளே காற்று போகாமல் டீசல் எஞ்சினுக்கு இறங்கவில்லை. நாங்கள் தள்ளிய நேரத்திலெல்லாம் டேங்க் மூடியின் இடுக்கு வழியே மெல்ல மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, நிற்காமல் ஊரையே சுற்றி வந்தோம். தங்கை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"இனிமே தள்ளவே வேணாமா? அப்ப இன்னாத்துக்கு இந்த வண்டி?"