கருமாதிக்கு ஒரு கல்

தணிகைவேல் கும்மிடிப்பூண்டியில் ஒரு கல் பட்டறையில் இருபது வருஷம் மணற்பாறை அறுத்தார். கோதாவரிப் பக்கமிருந்து லாரியில் வரும் பாறை அது. ட்ரையாசிக் காலத்தது, டைனோசர்கள் தலையெடுத்த காலம். ஒருநாள் அறுத்த ஸ்லாபில் ஏதோ ஒரு பிராணியின் விலா எலும்புகள் கல்லாகிப்போய் வரிவரியாகத் தெரிந்தன. தரையில் பதிக்கிறவனுக்கு எலும்பு எதற்கு? கழித்துப் போட்டார்கள். அதில் உடைந்த ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர்க் குடம் சாயாமல் முட்டுக் கொடுத்தார் தணிகைவேல்.

முகத்துக்கு மாஸ்க் கேட்டதற்கு, கைக்குட்டை இல்லையா என்று கேட்டாராம் மேஸ்திரி. கல்தூசி நுரையீரலில் படிந்து, ஐம்பது வயது ஆகுமுன்பே மனிதர் போய்ச் சேர்ந்தார்.

கருமாதியன்று இறந்தவரை அழைத்து ஒரு கல்லில் இறக்குவது வழக்கம். அவர் கைபட்ட கல்லாயிற்றே என்று மனைவி தேசம்மா அந்தத் துண்டையே குளக்கரைக்கு எடுத்துப்போனாள். ஐயர் புரட்டிப் பார்த்தார்.

"இதுல ஏற்கெனவே ஒரு ஜீவன் இருக்கும்மா. வேற கல்லு கொண்டா."

தேசம்மா நகரவில்லை.

"கல்லு அவருக்குள்ள பூந்துதான சாமி ஆள இட்டுக்கினு போச்சு. இன்னும் அவரு இன்னாத்துக்கு கல்லுக்குள்ள பூரணும்?"