பூஜைக்கு அணைத்த சர்வர்

எங்கள் வீட்டு நடு அறையில், துணி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. பெரிய பித்தளைச் சொம்பு ஒன்றை அதன்மேல் கவிழ்த்தால் மூடிக்கொள்ளும், அவ்வளவு சின்னது. அதற்கென்று திரை கிடையாது, தட்டுவதற்குப் பலகை கிடையாது. ஒரு பச்சை விளக்கு மட்டும் எப்போதும் எரியும். என் மருமகள் அதைச் சர்வர் என்பாள். அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்றும் சொல்லுவாள்.

திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப் இருக்கிறது. அங்கே எடுக்கிற ரிப்போர்ட் எல்லாம் இந்தப் பெட்டியில்தான் வந்து சேரும். லேப் இருக்கிற கட்டடத்தில் கரண்டு நிலைக்காது. எங்கள் விழுப்புரம் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதனால் இங்கே வைத்தார்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்வது மருமகளின் வேலை. சில நாள் லேப்புக்குப் போவாள், மற்ற நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். என் மகனுக்கு ஓசூரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. ஆக வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள், அந்தப் பெட்டி.

நான் ஐந்தாவதோடு நின்றவள். சர்வர் என்றால் என்ன என்று எனக்கு முழுக்கத் தெரியாது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். ஏனென்றால் என் ரிப்போர்ட்டும் அதில் இருக்கிறது. பெண்களுக்கு வருகிற ஒரு தொந்தரவு. பல வருஷம் யாரிடமும் வாய் திறக்காமல் வைத்திருந்தேன். துணி துவைக்கும்போது மருமகள்தான் கண்டுபிடித்தாள். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டெஸ்ட்டுகளில் பாதியைத் திண்டிவனம் லேப்பிலேயே எடுத்தாள். என் மகனுக்குக்கூட அது தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

போன ஆயுத பூஜைக்கு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அரிவாள்மனை, கத்தி, தையல் மிஷின், சைக்கிள் பம்பு என்று சோறு போடுகிற எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவோம். வைத்த பிறகு தொடமாட்டோம். மறுநாள் விஜயதசமிக் காலையில் கற்பூரம் காட்டித்தான் எடுப்போம். அதுவரை காய் நறுக்க வேண்டுமென்றால்கூடக் கையால் ஒடித்துப் போடுவதுதான் வழக்கம்.

அந்த வருஷம் மருமகள் பெட்டிக்கும் பொட்டு வைக்க வந்தாள். வைத்துவிட்டு, "இதுவும் ரெஸ்ட் எடுக்கட்டும் அத்தை. வாங்கின நாள்லேர்ந்து ஒரு நிமிஷம் நிக்கல. லேப்பும் ரெண்டு நாள் லீவு" என்றாள்.

"என் புள்ளைக்குக் கெடைக்காத லீவு இதுக்குக் கெடச்சிடுச்சா?" என்றேன்.

"உங்க புள்ளைக்குப் பொட்டு வச்சி மூலையில ஒக்கார வைங்க, அவருக்கும் கெடைக்கும்."

சிரித்துக்கொண்டே அணைத்தாள். பச்சை விளக்கு போனது. சாமந்தி மாலை ஒன்றை அதன்மேல் போட்டோம். மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி மறுபடி போட்டாள். விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் எதையோ பார்த்து, "எல்லாம் வந்துடுச்சு" என்று பொரி சாப்பிடப் போய்விட்டாள்.

அதற்கும் மறுநாள் லேப் திறந்தார்கள். அவள் காலை பஸ்ஸுக்கே கிளம்பிப் போனாள். நான் உலை வைத்துவிட்டு வந்தபோது நடு அறையில் ஒரு சத்தம். முதலில் ஃபேன் என்று நினைத்தேன். ஃபேன் ஓடவில்லை. பெட்டிதான் இரைந்துகொண்டிருந்தது. கையை வைத்தேன், இட்லிப் பானை மாதிரிச் சுட்டது. மாலையிலிருந்து பூ இதழ் ஏதாவது உள்ளே போய்ச் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். மாலையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். சத்தம் குறையவில்லை.

வேலை நேரத்தில் அவளைக் கூப்பிட எனக்குக் கூச்சம். போனை எடுத்தேன், வைத்தேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் இரைகிறது. கூப்பிட்டுவிட்டேன்.

"இன்னா அத்தை?"

"ஒண்ணுமில்லம்மா. இந்தப் பொட்டி சத்தம் போட்டுக்கினு கீது. பூ எதுனா பூந்திருக்கும்னு பாத்தேன்."

"இன்னா மாதிரி சத்தம்?"

"மிக்ஸி ஓடற மாதிரி. நிக்கவே மாட்டேங்குது."

அவள் லேப்டாப்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பின்னால் யாரோ ஒரு அம்மா, "சுகர் ரிப்போர்ட் வந்துச்சாங்க?" என்று கேட்டாள். இவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அத்தை." குரல் மாறியிருந்தது. "உள்ள எவனோ பூந்துக்கினு கீறான்."

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கதவு தாழ் போட்டபடிதான் இருந்தது. "எங்கம்மா? யாரும் இல்லியே."

"வூட்டுல இல்ல, பொட்டிக்குள்ள. எந்த ஊர்க்காரனோ. நான் பாக்குறது அவனுக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் அழிச்சாலும் அழிச்சிடுவான். நீங்க இப்ப ஒரு ஒயரப் புடுங்கணும்."

"பொட்டிய அணைச்சிடட்டுமா?"

"வேணாம், வேணாம்! அணைச்சா அவன் இன்னா பண்ணான்னு தெரியாமப் பூடும். சுவிட்ச்சுங்க கிட்டயே போகாதீங்க, எல்லாம் ஒரே பாக்ஸுல கீது. பொட்டிக்குப் பின்னாடி மூணு ஒயர் இருக்கும், பாருங்க."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பீரோவை ஒட்டிக் குனிந்தேன். மூன்று ஒயர் இருந்தது. மூன்றிலும் தூசி. ஒன்று கரண்டு ஒயர், தடி. அது எனக்கே தெரிந்தது. மற்ற இரண்டில் ஒன்று நெட் வருகிற ஒயர். இன்னொன்று பக்கத்தில் இருக்கிற டிஸ்க்குக்குப் போவது. ரிப்போர்ட்டுகளின் மறுபிரதி அதில் இருக்கிறதாம். அதைப் பிடுங்கிவிட்டால் எழுதிக்கொண்டிருப்பது பாதியில் கெட்டுவிடும் என்றாள்.

"நீலமா இருக்கிறதுதான் அத்தை."

"எல்லாம் சாம்பல் கலராதாம்மா இருக்குது."

"அய்யோ. சரி, ஜன்னல் கிட்ட விளக்கு மின்னிக்கினு நெட்டு டப்பா கீதுல்ல, அதுலேர்ந்து வர்ற ஒயரக் கையாலயே தடவிக்கினு வாங்க."

தடவிக்கொண்டு வந்தேன். பீரோவுக்குப் பின்னால் அது மற்ற ஒயர்களோடு முறுக்கிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டேன். மறுபடி ஜன்னலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை முந்தானை நுனியை ஒயரில் சுற்றிக்கொண்டு, சுற்றை நகர்த்திக்கொண்டே வந்தேன். பெட்டியில் வந்து நின்றது.

"புடிச்சிட்டேன்."

"இழுங்க."

இழுத்தேன். பெட்டிதான் நகர்ந்தது, ஒயர் வரவில்லை. அதன் முனையில் ஒரு நாக்கு மாதிரி இருக்கிறது, அதை அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும் என்றாள். என் விரலுக்கு அது எட்டவில்லை. நகமும் இல்லை. அங்கே அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. "அத்தை... அத்தை..." என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொண்டையிலிருந்த ஊசியை எடுத்து அந்த நாக்கின்மேல் வைத்து அமுக்கினேன். கையோடு வந்துவிட்டது.

"எனக்குக் கட்டாயிடுச்சு" என்றாள். "அவனுக்கும் கட்டு. வர்றேன். எதையும் தொடாதீங்க."

பண்டிகை முடிந்த கூட்டம். விக்கிரவாண்டியில் பஸ் நின்றுவிட்டதாக ஒருமுறை போன் செய்தாள். நான் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒயரைப் பிடுங்கியும் இரைச்சல் நிற்கவில்லை. உள்ளே விட்டுப்போன வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலோரம் நின்று, "இன்னாக்கா, மாவு மிஷினு எதுனா வாங்கிட்டீங்களா? எங்க வூடு வரைக்கும் கேக்குது" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். "சொல்லவே இல்ல பாரு" என்று குறைப்பட்டுக்கொண்டு போனாள்.

எனக்கு நினைப்பெல்லாம் ஒன்றே ஒன்றுதான். முகம் தெரியாத ஒருவன் என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டானா? என் பெயர், வயது, எந்த இடத்தில் என்ன கோளாறு என்று எல்லாம் அதில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டவே எத்தனை வருஷம் ஆனது எனக்கு. என்னுடையது போகட்டும். கல்யாணம் நிச்சயமான பெண்கள் அங்கே ரத்தம் கொடுக்கிறார்கள். புருஷனுக்குத் தெரியாமல் வந்து டெஸ்ட் எடுக்கிறவர்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரு காகிதம் வெளியே போனால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும்.

மருமகள் வந்தாள். செருப்பை வாசலிலேயே உதறினாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கி அப்படியே கீழே வைத்தாள். டிவியைக் கழற்றிக்கொண்டு வந்து, தட்டுகிற பலகை ஒன்றையும் சேர்த்துப் பெட்டியில் மாட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடியது. முதலில் அந்த ஓடுகிற வேலை என்னவென்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அதை நிறுத்தினாள். இரைச்சல் அடங்கியது. அடங்கிய பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது.

"பூ இல்ல அத்தை. நம்ம பொட்டிய வச்சி அவன் பிட்காயின் மாதிரி கம்ப்யூட்டர் காசு தயாரிச்சிக்கினு இருந்திருக்கான். அதான் சூடு."

"எப்பிடிப் பூந்தான்?"

நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். லேப்பிலிருந்தும் அவள் லேப்டாப்பிலிருந்தும் மட்டும்தான் உள்ளே வரலாம், வேறு யார் வந்தாலும் விடாதே என்று பெட்டிக்கு அவள் உத்தரவு போட்டிருந்தாள். ஃபயர்வால் என்று அதற்குப் பெயர். போட்டாளே தவிர, நிறுத்தி மறுபடி ஆரம்பித்தாலும் அந்த உத்தரவு இருக்கும்படி சேமித்து வைக்கவில்லை. பெட்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் அது தெரியவில்லை. பூஜைக்கு அணைத்தாள், உத்தரவு எல்லாம் அழிந்துபோனது. விஜயதசமிக் காலையில் கற்பூரம் காட்டிப் போட்டபோது பெட்டி உலகத்துக்கே திறந்து கிடந்தது. முதன்முதலில் பெட்டியைச் சோதித்துப் பார்க்க உண்டாக்கிய ஒரு கணக்கை அவள் எடுக்க மறந்திருந்தாள். அதன் பாஸ்வேர்டு சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும்படி இருந்தது. எங்கெங்கிருந்தோ ஓயாமல் முயன்றிருக்கிறார்கள். ஒருவனுக்கு அது கிடைத்துவிட்டது.

"பூஜைக்கு நிறுத்தினதாலயா?"

"நிறுத்தினது தப்பில்ல. கரண்டு போயி நின்னிருந்தாலும் இதான் நடந்திருக்கும். சேவ் பண்ணாதது என் தப்பு."

பிறகு நான் கேட்க முடியாமல் நின்றதை அவளே தேட ஆரம்பித்தாள். எழுத்து ஓடியது, நின்றது, ஓடியது. உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஏதாவது கேட்டால் அவள் கவனம் கலையும் என்று பயம்.

"அவன் பூந்த கணக்குக்கு ரிப்போர்ட்டத் தெறக்க அதிகாரம் இல்ல" என்றாள் கடைசியில். "அதிகாரம் இருக்கிற கணக்குக்கு ஏறப் பாத்திருக்கான். ரெண்டு மூணு வழியில பாத்திருக்கான். முடியல. நெட்டு டப்பாவுலயும் பாத்துட்டேன், வெளிய போனது ரொம்பக் கொஞ்சம். ரிப்போர்ட்ட அள்ளியிருந்தா அந்த அளவு பத்தாது."

"என்னோடது?"

"இல்ல அத்தை. யாரோடதும் போகல."

கால் வலிப்பது அப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்தேன். அவள் போனை எடுத்து லேப் நடத்துகிற டாக்டரம்மாவின் நம்பரைத் தேடினாள்.

"ஒண்ணும் போகலியேம்மா. சொல்லித்தான் ஆவணுமா? வேலைய விட்டு எடுத்துடுவாங்க."

"அதுல கீறவங்க எல்லாம் உங்கள மாதிரிதான அத்தை" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நம்பரை அழுத்தினாள்.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டே வந்தார். பாதியில், "ஒரு நாள் முழுக்கத் தெறந்து கெடந்துச்சா? நீ எப்பிடிம்மா பாக்காம விட்ட?" என்று குரலை உயர்த்தினார்.

"தப்புதான் மேடம். நடந்தத எல்லாம் எழுதி அனுப்புறேன். வேற ஆள வச்சும் பாக்கச் சொல்லுங்க, நான் காட்டுறேன்."

"பாக்கத்தான் போறேன். மொதல்ல பொட்டி சரியாவுமா, ஆவாதா?"

"இதுல ஒட்டுப் போட மாட்டேன் மேடம். பூராத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடறேன். பூஜைக்கு முந்தின நாள் எடுத்த காப்பி டிஸ்க்குல பத்திரமா கீது. அதுலேர்ந்து ரிப்போர்ட்ட மாத்திடுறேன். அப்பறம் சொல்றேன்."

மாலை வரை அதே வேலை. சோறு ஆறிப்போனது. புதிதாகப் போட்டாள். பாஸ்வேர்டே வேண்டாம், அவள் லேப்டாப்பில் சாவி மாதிரி வைத்திருக்கிற ஒரு ஃபைல் இருந்தால்தான் விடும் என்று மாற்றினாள். சோதனைக் கணக்கு என்று எதுவும் வைக்கவில்லை. உத்தரவுகளைப் போட்டாள், சேமித்தாள். சேமித்ததைத் திறந்து படித்துப் பார்த்தாள். பிறகு நான் பிடுங்கிய ஒயரை மாட்டினாள்.

"இப்ப அணைக்கப் போறேன்" என்றாள்.

அணைத்தாள். பச்சை விளக்கு போனது. போட்டாள், வந்தது. தன் செல்போனில் வீட்டு நெட்டை எடுத்துவிட்டு, வெளியாள் ஒருவன் முயற்சி செய்கிற மாதிரி பெட்டியைக் கூப்பிட்டாள். போனை என் கையில் கொடுத்து, "எதுனா வந்தா சொல்லுங்க" என்று லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் பார்க்கப் பயம் என்று புரிந்தது.

கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. நான் கண் எடுக்கவில்லை.

"ஒண்ணும் வரலம்மா."

"வரக்கூடாது. இன்னும் பாருங்க."

கடைசியில் இங்கிலீஷில் ஒரு வரி விழுந்தது. பதறிப்போய் அவளிடம் நீட்டினேன். கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், பதில் இல்லை என்று போன் சொல்கிறது என்றாள். மறுபடி அணைத்தாள், போட்டாள். மறுபடி பதில் இல்லை. மூன்றாவது தடவையும் அணைத்துப் போட்டாள். அதே வரிதான் விழுந்தது. தன் லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டபோது மட்டும் பெட்டி உடனே திறந்தது.

அதன் பிறகே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். "மேடம், காலையில லேப்பத் தெறக்கலாம்."

"சரி. அடுத்த வாரம் ஒருத்தர் வந்து பாப்பாரு."

"வரட்டும் மேடம். அவர் எதிரிலயும் ஒரு வாட்டி அணைச்சிப் போட்டுக் காட்டுறேன்" என்றாள் மருமகள்.