இடக்கைக் கிற்றார்

அண்ணன் கனடாவில இருந்து கிற்றார் அனுப்பினார். சும்மா கிற்றார் இல்லை, இடக்கைக்காரருக்கெண்டே செய்த எலக்ட்ரிக் கிற்றார். "உன்ர கரைச்சல் முடிஞ்சுது, தங்கச்சி" எண்டு போனில ஒரே புழுகமும் சிரிப்பும். நான் நாள் முழுக்கத் தையல் மெசினில குனிஞ்சு, முதுகு விட்டுப்போய்க் கதிரையில சாய்ஞ்சிருந்த நேரம். சந்தோசப்படக்கூட உடம்பில பலமில்லை.

கரைச்சல் என்னெண்டா, நான் பிறவி இடக்கை. தமிழ்நாட்டு அகதி முகாமில எங்களுக்கு ஒரே ஒரு கிற்றார், அதுவும் அண்ணனுடையது. அவர் வலக்கை. கம்பியை மாத்திக் கட்டித் தாங்கோ எண்டு கேட்டால், "தொட்டியெண்டால் கை முறியும்" எண்டுவார். அவர் வெளிய போன நேரம் அதை அப்படியே தலைகீழாப் பிடிச்சுப் பழகினன். மெல்லிசுக் கம்பி மேல, தடிச்சது கீழ. எங்கட ஊர் தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்து கோயில் பாடற்குழுவில வாசிக்கத் தொடங்கின பிறகும் அதே கோலம்தான். பூசைக்கு வாற சனம் சிரிச்சுச் சிரிச்சே பழகிட்டுது.

அந்தப் பழைய கிற்றாரும் எலக்ட்ரிக்தான், கழுத்தடியில ரெண்டு கொம்பு நீட்டினது; அந்த வடிவம் உலகத்துக்கே தெரிஞ்சது. முதல்ல ஒரு கொம்போட, பலகைத் துண்டு மாதிரி மொட்டையா இருந்ததாம். பிறகு ரெண்டு கொம்பு வைச்சு, நெஞ்செலும்பில இடிக்காமல் பின்பக்கத்தைச் செதுக்கி, கம்பிச் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் ரெண்டை மூண்டாக்கினவை. எந்தப் பிக்கப் எண்டு மாத்திற சுவிச்சுக்கு மூண்டே மூண்டு இடம். வாசிக்கிறவை விடுவினமே? அதை ரெண்டு இடத்துக்கும் நடுவில மெல்ல நிப்பாட்டி ஒரு புதுச் சத்தம் எடுத்தினம். கடைசியில செய்தவனே தோத்துப்போய் அஞ்சு இடம் வைச்சான். எங்கட பழசு அதைப் பாத்துச் செய்த மலிவுக் கொப்பி, அதில மூண்டுதான். சுவிச்சு நடுவில நிக்க நான் நெருப்புக்குச்சி செருகி வாசிச்சனான்.

அண்ணன் அனுப்பினதில அஞ்சு இடம். கண்ணாடியில பாத்த மாதிரி எல்லாம் பக்கம் மாறி, அழகெண்டா அழகு. மடியில வைச்சு, ரெண்டு மூண்டு கம்பியைச் சேத்து அமத்தி முதல் கோர்ட்டைப் பிடிச்சன். ஐயோ, என்ர மாதாவே! தடிச்ச கம்பி மேல. உலகத்து இடக்கைக்காரருக்கெல்லாம் அது சரி, எனக்கு மட்டும் பிழை. கம்பியைத் திருப்பிக் கட்டுவமெண்டாலும் ஏலாது. கழுத்துத் தலைப்பில ஒவ்வொரு கம்பிக்கும் அதின்ர தடிப்புக்கு அளவாப் பள்ளம் வெட்டியிருக்கு. இன்னொண்டும் கண்டன். கழுத்தில குறுக்கே பதிச்ச உலோகக் கோடுகளில முதலாவது மட்டும் தேய்ஞ்சு கிடந்தது. புதுசெண்டு நினைச்சால், அண்ணன் ஆரோ பாவிச்சதை அனுப்பியிருக்கிறார் எண்டு எனக்குச் சரியான எரிச்சல்.

ஞாயிறு பின்னேரம் அண்ணன் வீடியோவில வந்தார். "எப்படியிருக்கு?" எண்டு கேட்டார். களைப்பில வாய் முந்திட்டுது. "எனக்குச் சரிவராது, அண்ணா. தேய்ஞ்சும் கிடக்கு. என்ன விசர் வேலை பாத்திருக்கிறியள்?"

அவர் சிரிக்கேல்லை. பாரிசவாதம் வந்த பிறகு மடங்காமல் கிடக்கிற தன்ர இடக்கையைத் தூக்கிப் போனுக்கு முன்னால காட்டினார். "எனக்கெண்டுதான் வாங்கினனான். வலக்கையால அமத்தி, இதால கம்பியைத் தட்டலாமெண்டு பாத்தன். கனகாலம் பாத்தன். வரேல்லை. உனக்காவது உதவட்டுமெண்டு அனுப்பினன்."

என்ர வாயில நெருப்பை வைக்க! எத்தினை நாள் தனிய இருந்து அமத்தி அமத்திப் பாத்திருப்பார் மனிசன். அதைத்தான் நான் தேய்ஞ்சதெண்டு குறை சொன்னன்.

இப்ப தையல் முடிஞ்சு கை விறைச்சாலும் அதைத்தான் தூக்கிறன். இந்த வயசில விரலுக்கெல்லாம் அரிவரியில இருந்து சொல்லிக் குடுக்கவேண்டிக் கிடக்கு. நேற்று ஒரு பாட்டின்ர முதல் வரியை அவருக்கு வாசிச்சுக் காட்டினன். அந்தத் தேய்ஞ்ச கோட்டடியில விரலை அமத்திற எஃப் கோர்ட்டுக்கு வந்தவுடன கம்பி கறகறத்துச் செத்துப்போச்சு.

"ஏலாமக் கிடக்கு, அண்ணா" எண்டன்.

"விடாதை" எண்டார். "நானும் அந்தக் கோர்ட்டிலதான் விட்டனான்."