லோங்ஸில் ஓடிய தங்க எழுத்து

என் முதல் லோங்ஸை, அதாவது முழுக்கால் சட்டையை, தைத்தவர் மாத்தளை டவுனில் தையல் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. தைத்து முடித்துக் கையில் கொடுக்கும்போது, "தம்பி, இத நான்தான் தச்சேன்னு எங்கயும் சொல்லிராதீங்க," என்று கேட்டுக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

எழுபத்து மூன்றாம் ஆண்டு. இறக்குமதி நின்று, நல்ல துணி கண்ணில் படுவதே அபூர்வமான காலம். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிளாக்கர் வேலை காலியாக இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன் எவனும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நான் ஆங்கிலத்தில் நல்ல புள்ளி வாங்கியவன். அதற்குரிய திமிரும் இருந்தது. வேலை கிடைக்காவிட்டால் அடுத்த நாளே மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியதுதான் என்று, கூலி வேலைக்கு ஆள் எடுக்கும் கணக்கப்பிள்ளை முன்கூட்டியே என் பெயரைக் கேட்டுப் பதிந்து வைத்திருந்தார். மனிதருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அப்பா பங்களா அப்பு. அதாவது தோட்டத்தை நடத்தும் துரையின் வீட்டுச் சமையல், பரிமாறல், வீட்டு வேலை எல்லாம் அவர்தான். வெள்ளைக்காரத் துரை நாட்டை விட்டுப் போகும்போது அப்பாவுக்கு ஒரு சூட் துணி கொடுத்திருந்தார். சில வருஷமாக அது பூச்சி உருண்டைகளோடு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. துணியின் இரண்டு ஓரங்களிலும், சுத்தமான கம்பளி, இங்கிலாந்தில் செய்தது என்று தங்க நிற நூலால் நெய்த ஆங்கில எழுத்து நீளத்துக்கும் ஓடியது. எழுத்து உள்ள ஓரத்தை வெட்டிவிட்டுத் தைப்பதுதான் முறை என்று நானா சொன்னார். அப்பா ஒரே பிடியாக நின்றார். வெட்டக் கூடாது. சரி, உள்ளே மடித்துவிடலாம் என்றார் நானா. மடித்தால் வெட்டின மாதிரிதானே என்றார் அப்பா. நான் தலையிடப் போனேன். வாயை மூடு என்றார். கடைசியில் இரண்டு காலிலும் வெளிப்பக்கமாக, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, தங்க எழுத்து வந்துவிட்டது.

நேர்முகப் பரீட்சை பங்களாவில் நடந்தது, துரைக்குக் கால் வீங்கியிருந்ததால். இவர் வெள்ளைக்காரருக்குப் பின் வந்த நம் நாட்டுத் துரை. சிங்களவர், நல்ல ஆங்கிலக்காரர். வராந்தாவில் எனக்கு எதிரே, அதே வேலைக்கு வந்திருந்த பெரிய கிளாக்கரின் மருமகன் பவுடர் மணக்க உட்கார்ந்திருந்தான். அவன் என் வலது காலைப் படித்தான். பிறகு கழுத்தை மறுபக்கம் சாய்த்து இடது காலைப் படித்தான், அங்கே எழுத்து தலைகீழாக ஓடியதால். எனக்கு அவன் மூக்கில் குத்த வேண்டும்போல் இருந்தது.

உள்ளே போனேன். துரை ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். தலையை ஆட்டினார். அப்போதுதான் அவர் பார்வை கீழே இறங்கியது. சிரிக்கவில்லை, பெரிய மனிதர். துணியின் இந்த ஓரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று மட்டும் கேட்டார். போர்டர் என்றேன். இல்லை என்றார். மார்ஜின். இல்லை. ஹெம், ரிம், பிரிம், ஃபிரிஞ்ச், வெர்ஜ் என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். எல்லாவற்றுக்கும் இல்லை. அப்படியானால் சரியான சொல் என்ன என்று பணிவாகக் கேட்டேன். துரை வாயைத் திறந்தார், மூடினார். அவருக்கும் மறந்துபோயிருந்தது.

அலமாரியிலிருந்து இரண்டு தலையணை அகராதிகள் இறங்கின. தெரியாத சொல்லை அகராதியில் எப்படித் தேடுவது? நான் கொட்டிய சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். போர்டர் கப்பலின் பக்கப் பலகையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததாம். பிரிம் ஒரு காலத்தில் கடலோரத்தைக் குறித்ததாம். வெர்ஜ் முதலில் வெறும் கோல்; அதிகாரி பிடிக்கும் கோலாகி, அந்த அதிகாரம் செல்லும் எல்லையாகி, கடைசியில் புல் ஓரத்துக்கு வந்து சேர்ந்ததாம். துரைக்குக் கால் வலி மறந்துவிட்டது. எனக்கு வேலை மறக்கவில்லை. வெளியே மருமகன் இருமிக்கொண்டே இருந்தான். கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் தெரியாமல் போனோமே என்று நான் மம்பட்டியை நினைத்துக்கொண்டேன்.

துரைக்குத் தேநீர் கொண்டுவந்த அப்பா, தட்டை வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"செல்வெட்ஜுங்க தொர."

துரை பக்கத்தைப் புரட்டினார். இருந்தது. செல்ஃப், எட்ஜ், இரண்டும் சேர்ந்த சொல். துணி தானே தனக்கு நெய்துகொள்ளும் ஓரம். நூல் கரை வரை போய்த் திரும்பி உள்ளே வந்துவிடுவதால் அது பிரியாது, மடித்துத் தைக்கவும் வேண்டாம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாத அப்பாவுக்கு இது எப்படித் தெரியும்? பழைய துரையின் மனைவி, துரைசாணி, திரை தைக்கும்போது அப்பா துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். ஒரு நாள் அவர் கையிலிருந்த கத்திரிக்கோல் அந்த ஓரத்துக்குப் போனதும், செல்வெட்ஜை வெட்டாதே, பிரிந்துபோகும் என்று கத்திவிட்டாளாம். அன்றிலிருந்து எந்தத் துணிக்கும் அதுதான் சட்டம் என்று மனிதர் நெஞ்சில் எழுதிக்கொண்டார். அந்தச் சட்டம்தான் என் காலில் ஓடியது.

துரை அதுவரை அடக்கி வைத்த சிரிப்பையெல்லாம் சிரித்துத் தீர்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்று கேட்டால் ஏழு சொல்லும் ஆள்தான் ஆபீஸுக்கு வேண்டும், திங்கட்கிழமை வா என்றார். என்னை உட்காரச் சொன்னார். அப்பாவிடம், கிளாக்கருக்கும் ஒரு தேநீர் என்றார்.

நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். அப்பா உள்ளே போய், விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட கோப்பையில் கொண்டுவந்தார். எழப் போனேன், கண்ணாலேயே இருத்தினார். வெள்ளைத் துணியைக் கைமேல் போட்டு, குனிந்து, எல்லாத் துரைமாரிடமும் கேட்கும் அதே குரலில் கேட்டார்:

"சீனி எத்தனைங்க ஐயா?"

வீட்டில் சீனி கண்டு மாதக்கணக்காகியிருந்தது. அழுதுவிடுவேன் என்று பயந்து, ரெண்டு என்றேன்.

அப்பா மூன்று கரண்டி போட்டார்.