கதிர்வீச்சு அறையின் கதவுக்கு வெளியே

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள். வேதம் படித்தவர்கள் பேச வேண்டியதைப் பற்றி நான் வாய் திறப்பதே அதிகம். ஆனால் இதே நோயோடும் இதே கேள்வியோடும் யாராவது ஒருவர் ஏதோ ஒரு மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்காகத்தான் இது.

முதலில் இடது காது அடைத்தது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லை. நான் குடியிருக்கும் கிள்ளானில் கிளினிக் டாக்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். கோலாலம்பூரில் பயாப்சி (சதையில் சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். மூக்குக்குப் பின்னால் புற்று. சில வாரங்களுக்கு ரேடியோதெரபி (கதிர்வீச்சால் கட்டியை அழிப்பது) என்றார்கள்.

என் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அக்கா ரீத்தா என்னைத் தன் பிளாட்டுக்கு அழைத்துக்கொண்டாள். கஞ்சி வைத்தாள், துணி துவைத்தாள், தினமும் மருத்துவமனைக்குக் கூட வந்தாள். அவள் செய்ததை மறக்க முடியாது. அவள் என்னை மன்னிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். என் வீட்டுக்காரர் இந்து, கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். தைப்பூசம் தவறாமல் பால்குடம் எடுப்பார். சாப்பாட்டு மேசையில் அக்கா அவரை விடமாட்டாள்.

"தம்பி, ஞானஸ்நானம் வாங்கிக்கலாம்லா. தண்ணிதானே, சுடவா போகுது?"

"உங்க சாமி நல்லவருதான் அக்கா. ஆனா என் சாமிய விட்டுட்டு வந்தவன அவரே நம்பமாட்டாரு. கோழி இன்னொரு துண்டு போடுங்க."

பக்கவாதம் வந்து அவர் நினைவில்லாமல் கிடந்தபோது அக்கா வந்தாள். சாகும் நிலையில் இருப்பவருக்கு, குருவானவர் வர நேரமில்லை என்றால், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை வழக்கம். அக்கா கையில் தண்ணீர் போத்தல் இருந்தது. மூடியைத் திறந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம்க்கா. அவரு வேணாம்னுதானே சொன்னாரு."

அன்று மாலை அவர் போய்விட்டார்.

சிகிச்சை தொடங்கிய பிறகு ஒருநாள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே அக்கா சொன்னாள். "நீ நல்லாகணும்னு ஜெபிக்கிறேன். இல்லன்னாலும் நீ ஆண்டவர்கிட்ட போவ. உன் வீட்டுக்காரர அங்க தேடாத, லூசி."

"எப்பவுமேவா?"

"எப்பவும்தான். வேணாம்னு சொன்னவர ஆண்டவர் கைய புடிச்சா இழுப்பாரு? அன்புன்னா கட்டாயப்படுத்தாதுல்ல?"

"நீ இழுக்கத்தானே பாத்த?"

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

எங்கள் கோயில் ஃபாதரிடம் இதைக் கேட்டேன். கடவுளின் இரக்கத்துக்கு நாம் எல்லை போட முடியாது என்றார். ஆறுதலாக இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல. என் வீட்டுக்காரர் இல்லாத இடத்தில் என்னால் சந்தோஷமாக இருக்க முடியுமா? முடியும் என்றால் அங்கே இருப்பது நான்தானா? இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

சிகிச்சை அறையில் முகத்தின் அச்சில் செய்த வலைமுகமூடியைப் போட்டு மேசையோடு இறுக்கிவிடுவார்கள். கண்ணைக்கூடத் திறக்க முடியாது. அங்கே வேலை செய்யும் பெண் தினமும் ஒன்றையேதான் சொல்வாள். "ஆன்டி, நாங்க வெளிய போறோம். ஆனா ஸ்கிரீன்ல பாத்துக்கிட்டே இருப்போம். முடியலன்னா கைய தூக்குங்க, உடனே வந்துருவோம்." பிறகு கனமான கதவு மூடும்.

கடைசி நாள் அக்கா கெஞ்சிக் கேட்டதால் ஸ்கிரீன் பக்கத்தில் நிற்க விட்டார்கள். நடுவில் எனக்குச் சளி தொண்டையில் அடைத்தது. மூச்சு திணறியது. கையைத் தூக்க வேண்டும் என்பதே நினைவுக்கு வரவில்லை. அதற்குள் கதவு திறந்தது. முகமூடியைக் கழற்றினார்கள். அக்காதான் கத்தினாளாம்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கையே தூக்கல. பாத்துக்கிட்டு எப்படி நிக்கிறது? கதவ இடிச்சிருப்பேன்."

எனக்குப் பேசினால் தொண்டை எரியும். இருந்தாலும் சொன்னேன். "உனக்கே முடியலல்ல அக்கா. ஆண்டவருக்கு மட்டும் முடியுமா?"

புரிந்தது அவளுக்கு. "அது வேற, லூசி" என்றாள். அவள் குரலில் பழைய உறுதி இல்லை. எனக்கும் ஜெயித்தது போல இல்லை. என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று இருவருக்குமே தெரியாது.

கதிர்வீச்சு பட்டதில் இப்போது எனக்கு எச்சில் ஊறுவதில்லை. தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. முன்பு வேலைக்கும் ரயிலுக்கும் நேரம் பார்த்தேன். இப்போது ஒரு மிடறு தண்ணீருக்கும் அடுத்த மிடறுக்கும் நடுவில் இருப்பதுதான் நேரம். இந்த உடம்பில் வாடகைக்குக் குடியிருப்பவள் போல, சத்தமில்லாமல் நடமாடுகிறேன். கட்டி போய்விட்டதா என்று இனிமேல்தான் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

சிகிச்சை முடிந்த மறுநாளே கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினேன். அக்கா ஸ்டேஷன் வரை வந்து என் பையில் ஒரு தண்ணீர் போத்தலை வைத்தாள். ரயில் தாமதமாக வந்தது. அதற்குள் அந்தப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன்.