பொருளாளர் வீட்டுக் கடன்

ஆராதனை முடிந்து, வீடுகளிலிருந்து வந்த பிடியரிசியைச் சுளகில் கொட்டினோம். எங்கள் கோயிலின் பொருளாளர் இப்போது நான். அரிசி விழுந்த சத்தம் என்னைப் பத்து வயதுக்குக் கொண்டுபோனது.

அப்போது அப்பா பொருளாளர். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தகரப்பேணியில் போடுவார். ஒருநாள் வீட்டில் அரிசி இல்லை. பேணியிலிருந்து ஒரு சுண்டு அளந்து எடுத்துக் கஞ்சி காய்ச்சினார்.

“பிள்ளையள் பசியோடை இருந்ததுகள், எடுத்திட்டன்,” என்றார் அப்பாவிடம்.

“எடுத்தது பிழையில்லை. எழுதாமல் விட்டால்தான் களவு,” என்ற அப்பா, ‘பொருளாளர் வீடு, ஒரு சுண்டு கடன்’ என்று துண்டு எழுதிப் பேணிக்குள் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சபை முன்னால் அவரே வாசித்தார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. எங்கள் வீட்டில் அரிசி இல்லையென்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. பின்னேரம் மூன்று வீட்டார் அரிசிப் பையோடு எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தார்கள்.

அப்பா முதலில் ஒரு சுண்டை அளந்து பேணியில் போட்டார். “இஞ்சரும், இனி உலையை வையும்,” என்றார் அம்மாவிடம்.

அந்த மூன்று வீடுகளையும் என் ஜெபத்தில் நான் இன்றுவரை விட்டதில்லை.

இன்று சுளகில் அரிசியோடு ஒரு துண்டும் கிடந்தது. ‘அரைச் சுண்டு கடன்’ என்று எழுதி, வீட்டுப் பெயரும் போட்டிருந்தது. கணக்கில் பதிந்தேன். பிறகு என் வீட்டு அரிசியில் ஒரு பை கட்டிக்கொண்டு அந்த வீட்டுப் படலையைத் திறந்தேன்.