பம்பாய் விமானத்தில் நோன்பு திறந்த நேரம்

1980 ஜூலை 29, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தேகால். மீனம்பாக்கத்தில் ஒரே புழுக்கம். மேற்கே மட்டும் கொஞ்சம் மேகம். அன்று எனக்குப் பதினைந்தாவது நோன்பு. ஆம்பூரில் தோல் தொழிற்சாலை நடத்திய என் அக்காவின் கணவர், பம்பாய்க்கு வந்திருந்த வெளிநாட்டு வியாபாரியிடம் மாதிரித் தோல்களைக் காட்டப் புறப்பட்டார். கணக்குப் பார்க்கிறவன் என்று என்னையும் இழுத்துக்கொண்டார். காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பகலும் ஓர் இரவும். அவருக்கு விமானம்தான் வேண்டும். “ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒண்ணே முக்கால் மணி நேரம்” என்று பஜாரில் பார்த்தவரிடமெல்லாம் ஒரு வாரம் சொல்லித் திரிந்தார், தானே பறந்து அளந்துவிட்டு வந்ததுபோல.

பயணத்தில் நோன்பை விடலாம், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார். இருவருமே கேட்கவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தொன்பது ரமலானில் நான் ஒரு நோன்புகூட விட்டதில்லை. இவருடைய டம்பத்துக்காக அதைக் கெடுத்துக்கொள்வேனா? அவருக்கோ, ஆகாயத்தில் நோன்பு திறந்தேன் என்று ஊரில் சொல்லவேண்டும்.

அக்கா கட்டிக்கொடுத்த பொட்டலத்தில் பேரீச்சம்பழம் ஆறு, சமோசா நான்கு. ஆம்பூர்ப் பள்ளிவாசல் அட்டைப்படி நோன்பு திறக்கும் நேரம் ஆறு நாற்பத்தைந்து. விமானம் பறந்துகொண்டிருக்க, கடிகாரமுள் அங்கே வந்ததும் மச்சான் பொட்டலத்தைப் பிரித்தார்.

“ஊர்ல பாங்கு சொல்லிட்டாங்க. இன்னா பாத்துக்கிட்டிருக்க? எடு.”

“மச்சான், ஜன்னல்ல பாருங்க. சூரியன் அப்படியே நிக்குது.”

“நாம ஒசரத்துல இருக்கோம், அதான் தெரியுது. கீழ எப்பவோ எறங்கிடுச்சு.”

“கீழயும் எறங்கல. மேற்கே போகப்போக தீர்க்கரேகை ஒரு பாகைக்கு நாலு நிமிஷம் தள்ளிப்போகும். பம்பாய்க்கு ஆறு பாகை. இருபத்திநாலு நிமிஷத்துக்குக் கம்மி கிடையாது.”

“இந்தியாவுக்கே ஒரே டைம்தான்யா. சூரியனுக்கும் நீதான் கணக்கு எழுதறியா? வேணுமா, வேணாமா?”

“வேணாம்.”

ஆறு பழத்தையும் நான்கு சமோசாவையும் அவரே தின்று தீர்த்தார். வெயில் கன்னத்தில் அடித்தது. அதற்கு அவர் செய்தது, ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டதுதான்.

ஏழு ஐந்துக்கு இறங்கினோம். நல்ல மழை, ஒரே இருட்டு. “பாத்தியா, ராத்திரியே ஆயிடுச்சு” என்றார். மேகத்துக்கும் இரவுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதரிடம் என்ன பேசுவது? விமான நிலைய வாசலருகே ஒரு கடைக்காரர், தொப்பி போட்டவர், தண்ணீர்க் குவளையைத் தொடாமல் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோன்பு திறக்கும் நேரம் எப்போது என்று உருதுவில் கேட்டேன். ஏழு பதினேழு என்றார்.

மச்சான் முகம் சுண்டிப்போயிற்று. “வீட்ல சொல்லாத. ஒரு நோன்புதான, அப்புறம் பிடிச்சுக்கறேன்.” ரமலான் முடிந்த பிறகு, அந்த வருஷக் கடைசிவரை பகலில் டீ குடிக்காமல் அவரை ஒரு நாள்கூட நான் பார்க்கவில்லை.

ஏழு பதினேழுக்கு நான் நோன்பு திறந்தேன். பொட்டலத்தில் ஒரு கொட்டைகூட மிச்சமில்லை; கடைக்காரரிடமே வாங்கவேண்டியிருந்தது. சோடா ஒன்று, பன் ஒன்று. மூன்று ரூபாய் இருபத்தைந்து காசு.